கங்காணியைக் கழற்றிய கதை

முதலில் வீடுகளை எடுத்தார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில், கருமலைப்பட்டியின் அழுக்கைத் தலைமுறை தலைமுறையாக வாரியவர்கள் குடியிருந்த இடம் ஊரின் அழகைக் கெடுக்கிறது என்று சொல்லி, குப்பைக் கிடங்குக்கும் அப்பால் தகரக் கொட்டகை போட்டு அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். இரண்டாவதாக நிரந்தரத்தை எடுத்தார்கள். வேலை அப்படியேதான் இருந்தது, நாற்றமும் அப்படியேதான் இருந்தது, ஆனால் ராத்திரி நகராட்சி ஊழியராகப் படுத்தவர்கள் மறுநாள் காலை ஒரு காண்டிராக்டரின் ஆட்களாக விழித்தார்கள். மூன்றாவதாகக் கையுறைகளை எடுத்தார்கள். அமைச்சர் வந்து கையுறையும் பூட்ஸும் வழங்குவதைப் படம் பிடித்துவிட்டு, அவர் கார் வளைவில் திரும்பியதும், அடுத்த ஊர் விழாவுக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் சாக்குப்பையில் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். நான்காவதாகப் பெண்கள் துணி மாற்றும் அறையை எடுத்தார்கள். மறியல் செய்து, மண்டை உடைந்து, சிறைக்குப் போய் வாங்கிய அந்த ஒற்றை அறையில் கண்ணாடிக் கதவு போட்டு, இரும்பு அலமாரிகளில் விளக்கு மினுங்கும் கம்ப்யூட்டர்களை அடுக்கி, மனுஷிக்கு ஃபேன் கொடுக்காத நகராட்சி எந்திரத்துக்கு ஏசி கொடுத்தது. ஐந்தாவதாக அந்த எந்திரத்தை எல்லோர் தலைமேலும் உட்கார வைத்தார்கள். ஆறாவதாக நஞ்சனைக் கொன்றார்கள். ஏழாவதாக, அவன் சாகவே இல்லை என்றார்கள்.

இந்த வரிசையை யாரும் கலைக்க மாரக்காள் விடமாட்டாள். வாயில் கூட்டத்தில் யாராவது ஆவேசத்தில் கையுறையை முதலில் சொல்லிவிட்டால், அவர்கள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிக்கொள்வாள். "மொறையாச் சொல்லு கண்ணு. ஊட்டக் குடுத்தோம், அதனாலதான் வேலையக் கேட்டான். வேலையக் குடுத்தோம், அதனாலதான் உசுரக் கேட்டான்." அவள்தான் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைக் கூட்டிப் பெருக்கப் போனபோது மட்டும் பார்த்தவள். எழுத்து முழுவதையும் சுவரில் ஒட்டிய துண்டறிக்கைகளில் கற்றவள். அதனாலேயே அவள் வாயில் சாதாரணமான வாக்கியம் ஒன்றுகூட வராது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாலும் வன்மையாகக் கண்டித்துத்தான் கேட்பாள்.

எந்திரத்துக்கு நகராட்சி வைத்த பெயர் நுண்ணறிவுத் தளம். மாரக்காள் வைத்த பெயர் கங்காணி. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போய் முதுகை எண்ணிக்கொண்டு நின்றவனுக்கும் இதற்கும் உள்ள ஒரே வித்தியாசம், அவனுக்கு வெயில் அடித்தது, இதற்கு அடிக்கவில்லை என்று அவள் சொன்னபோது கூட்டம் சிரித்தது. பிறகு சிரித்தவர்கள் முகத்தை எல்லாம் தெருக் கேமராக்கள் படித்துக்கொண்டன. கங்காணி படித்துக்கொண்டே இருந்தது. யார் விளக்குமாற்றை எங்கே சாத்திவைத்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள், யார் எந்தக் கடையில் டீக் குடிக்கிறார்கள், யாருடைய நடை தளர்ந்திருக்கிறது, யார் அடுத்த வாரம் காய்ச்சல் என்று வந்து நிற்பார்கள் என்பதையெல்லாம் அவர்கள் முதுகிலிருந்தே கற்றுக்கொண்டு, காய்ச்சல் வருவதற்கு முன்பே லீவை மறுத்தது. எந்த அடைப்புக்கு எந்த ஆள் என்பதையும் அதுதான் சொன்னது. பெரிய கடை வீதியில் நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவே பாதாளச் சாக்கடை பொங்கிய அன்று அது சொன்ன ஆள் நஞ்சன்.

மேஸ்திரி சடையப்பன் நஞ்சன் இடுப்பில் கயிற்றைக் கட்டி இறக்கினான். பட்டப்பகல். பட்டுப்புடவை வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனார்கள். கயிறு ஆடியது, பிறகு ஆடவில்லை. இழுத்தபோது விஷவாயு குடித்த உடம்பு சுருண்டு வந்தது, உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. குப்பை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி பூவாத்தாளும் மாரக்காளும் ராத்திரி முழுவதும் பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். 'சாக்கடையில் இறக்கிக் கொன்றோம்' என்று நகராட்சி எழுதிக் கொடுக்காமல் உடலை வாங்கமாட்டோம் என்று மாரக்காள் அறிவித்திருந்தாள். விடிந்ததும் சடையப்பன் ஓடிவந்தான்.

"மாரக்கா, எதுக்குங்க இங்க உக்காந்திட்டு இருக்கறீங்க? உங்காளு வேலைக்கு வந்துட்டான்."

உள்ளே போய்ப் பார்த்தார்கள். நஞ்சனைக் கிடத்தியிருந்த சிமெண்டு மேடையில் அவன் அளவுக்கு ஈரம் மட்டும் இருந்தது.

வார்டு ஆபீஸ் வாசலில் நஞ்சன் நின்றிருந்தான். உதடு அதே நாவல்பழ நிறம், இடுப்பில் அதே கயிற்றின் தழும்பு. வழக்கம்போல முகத்தைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டினான், பச்சை விளக்கு எரிந்தது, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடந்தான். பேசவில்லை. மூச்சும் விடவில்லை. அன்று மத்தியானமே நகராட்சி ஆணையர் தாமோதரன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, சாக்கடை மரணம் என்று பரவிய செய்தி பொய், சம்பந்தப்பட்ட பணியாளர் இன்று காலை பணிக்கு வந்திருப்பதைத் தளமே உறுதி செய்கிறது என்று சொன்னார்.

கருமலைப்பட்டி இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், மின்சாரம் போனதை எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. முதல் நாள் கொஞ்சம் முணுமுணுத்தது. மறுநாள் டீக்கடைக்காரர் நஞ்சனுக்கும் ஒரு டீயை வைத்தார், அது ஆறியதும் எடுத்து ஊற்றினார், சில நாளில் வெறும் கிளாஸை மட்டும் வைத்தார். கோவில் பூசாரி, செத்தவன் தெருவில் போனால் நடை சாத்துவதா வேண்டாமா என்று யோசித்து, அவன் உயிரோடு இருந்தபோதும் உள்ளே விட்டதில்லையே, புதிதாக என்ன தீட்டு என்று முடிவு செய்தார். ரேஷன் கடையில் அவன் பெயருக்கு அரிசி வந்தது. ஒரு கட்சிக்காரர் வந்து பூத் சிலிப் கொடுத்துவிட்டு, மறக்காம வந்துருப்பா, உங்க ஓட்டு எங்களுக்கு முக்கியம் என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போய்க் கையைக் கழுவினார். அவன் மேல் ஈ உட்காராததைப் பார்த்து இறைச்சிக் கடைக்காரர்கள், தங்கள் கடை முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகக் கூட்டச் சொல்லி சடையப்பனைக் கேட்டுக்கொண்டார்கள்.

நஞ்சனுக்கு மூச்சு வேண்டியதில்லை என்பதை முதலில் கவனித்தவனும் சடையப்பன்தான். அதற்குப் பிறகு ஊரின் எந்தக் குழி அடைத்தாலும் அவனைத்தான் இறக்கினார்கள், கயிறுகூடக் கட்டவில்லை. காலையில் இறங்கினால் சாயங்காலம் வேறொரு தெருவில் ஏறுவான். அடைப்பு நீக்கும் இயந்திரத்துக்கு என்று ஒதுக்கியிருந்த பணத்தை வேறு செலவுக்கு மாற்றினார்கள். பக்கத்து நகராட்சிகளிலிருந்து அதிகாரிகள் வேனில் வந்து குழியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், குரலைத் தாழ்த்தி, இந்த மாதிரி இன்னும் நாலைந்து பேர் அமைவார்களா என்று கேட்டதை, பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த மாரக்காள் கேட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு எரிவது என்றால் என்னவென்று புரிந்தது. அதுவரை பட்டதெல்லாம் வெறும் கோபம். நாலைந்து பேர் அமைய வேண்டுமானால் நாலைந்து பேரை முதலில் எங்கே இறக்க வேண்டும் என்று அந்த ஆளுக்குத் தெரிந்தே இருந்தது.

பூவாத்தாள் கூட்டத்துக்கு வருகிறவள் அல்ல. ஒரு நாள் சங்க ஆபீசுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா அம்மிணி."

"வேண்டாங்க்கா. ஒண்ணு கேக்கோணும். பொழுது எறங்குனா ஊட்டுக்கு வர்றாரு. தட்டு முன்னால உக்கார்றாரு. சோறு காஞ்சு போவுது, அப்படியே பாத்துட்டு இருக்கறாரு. விடிஞ்சா எந்திருச்சுப் போறாரு. நான் அழுவலாம்னு வாயத் தொறந்தா, என்ற மாமியாளே, 'என்ற பையன்தான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறானே, என்னத்துக்கு ஒப்பாரி வெக்கற'ங்கறா. எனக்கு அழுவோணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம். அவரப் படுக்க வெச்சு, நான் அழுவோணும்."

மாரக்காள் தன் வாழ்நாளில் எத்தனையோ கோரிக்கைகளை எழுதியிருக்கிறாள். அழுவதற்கான உரிமையை ஒரு கோரிக்கையாக அவள் எழுதியது அன்றுதான். கங்காணியை வேரோடு கழற்று. நஞ்சன் செத்தான் என்று சொல். இந்த இரண்டே வரியைச் சுவரெல்லாம் ஒட்டினாள். வேலைநிறுத்தம் தொடங்கியது. குப்பை முதலில் முட்டளவு ஏறியது, பிறகு கடைகளின் படி ஏறியது. வேலைக்குப் போனது நஞ்சன் ஒருவன்தான், அவனை யாரும் தடுக்கவில்லை. ஒற்றை ஆளாக அவன் மலைமலையாய்க் கிடந்ததன் அடிவாரத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தான். வியாபாரிகள் சங்கம் ஆணையர் வீட்டுக்குப் போய்க் கத்தியது. நகர்மன்றம் கூடியது. தளத்தை நீக்கிக்கொள்வதாகத் தீர்மானம் போட்டார்கள். நஞ்சனைப் பற்றி ஒரு வார்த்தையும் போடவில்லை.

"அதான் எந்திரமே போகுதே" என்றார் ஆணையர் தாமோதரன். "எந்திரம் போனால் அதோட சேர்ந்து அந்தப் பிரச்சினையும் போயிடும். அப்புறம் எதுக்கும்மா வாய் வார்த்தை?"

அந்த வார்த்தையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், முதலில் அவன் விடுபடட்டும் என்று மாரக்காள் ஒப்புக்கொண்டாள். ஆனால் உடன்படிக்கையில் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தாள்: கழற்றுவது மேலிருந்து கீழாக நடக்க வேண்டும், தலை முதலில் போக வேண்டும். அவள் பார்த்த விசாரணை எல்லாவற்றிலும் கடைசிப் படியில் நின்றவனைத்தான் தள்ளினார்கள். கையுறைத் திருட்டில் ஒரு கிளீனர் போனான். ஓடைக்கரையை இடித்ததில் செத்த கிழவிக்காக ஒரு பொக்லைன் டிரைவர் போனான். தலைகள் எல்லாம் மாலையோடு அப்படியே இருந்தன. இந்த முறை தலை முதலில்.

கழற்ற வந்தவர் பெயர் பெனடிக்ட். தூத்துக்குடிக்காரர், வழுக்கை விழுந்தவர், தளத்தை அமைத்த கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கம்பெனியின் ஆள். பழைய துணி மாற்றும் அறையில், சாட்சிக்கு வந்த பெண்கள் சுவரோரம் நிற்க, அவர் மடிக்கணினியைத் திறந்தார். உடன்படிக்கையைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எம்மா, இது தப்பு வரிசை. சொல்லுதேன், கேளுங்க. இது ஒரே எந்திரம் இல்ல. பெட்டி பெட்டியா அடுக்கிருக்கு. ஒரு பெட்டி முகம் பாக்கும், ஒரு பெட்டி படிக்கும், ஒரு பெட்டி ஆளக் கணக்குல வைக்கும். எல்லாத்துக்கும் மேல ஒரு தலைப்பெட்டி. அதுக்கு ஒரே வேலைதான். கீழ எந்தப் பெட்டி செத்தாலும் அதே மாதிரி இன்னொண்ண உடனே எழுப்பி நிறுத்தணும். இருக்கணும்னு எழுதியிருந்தா இருக்கணும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"பொட்டியத்தான எழுப்பும்?" என்றாள் மாரக்காள்.

பெனடிக்ட் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். நஞ்சன் கூட்டிக்கொண்டிருந்தான். "பெட்டியத்தான் எழுப்பும்னு நெனைச்சோம்" என்றார். "அதான் சொல்லுதேன். கீழருந்து எடுத்துட்டு வரணும். ஒவ்வொண்ணையும் தலைப்பெட்டி பாத்து, சரி போன்னு விடுவிக்கும். கடைசியிலதான் அது போகணும்."

மாரக்காள் சிரித்தாள். அது அவளுடைய மேடைச் சிரிப்பு.

"தம்பி, எங்க அப்பன் காலத்துல இருந்து இதையேதானப்பா சொல்றீங்க. தலைவரு இருந்தாத்தான் விசாரணை ஒழுங்கா நடக்கும், அவரையே எடுத்துட்டா யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு. தூக்கு, தலைய."

"எம்மா, நான் உங்க பக்கத்து ஆளுதான். எனக்கும் காண்டிராக்டுதான்."

"எங்க பக்கத்து ஆளுன்னா தூக்கு."

கதவருகே நின்ற ஆணையர் புன்னகையோடு சொன்னார்: "உடன்படிக்கைப்படி செய்யுங்க மிஸ்டர் பெனடிக்ட்." அந்தப் புன்னகையை அப்போது மாரக்காள் தோல்வியின் புன்னகை என்று எடுத்துக்கொண்டாள்.

பெனடிக்ட் ஒரு வரி அடித்துத் தட்டினார். அலமாரியில் உச்சி விளக்கு அணைந்தது. பெண்கள் கைதட்டினார்கள், யாரோ ஒருத்தி குலவை போட்டாள், தெருக் கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப்போட்டன. பிறகு அவர் கீழ்ப்பெட்டிகளை நீக்கினார். அவையும் போயின. கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் திரையில் நின்றது. அதன் எதிரே 'முடிந்துகொண்டிருக்கிறது' என்று எழுதியிருந்தது. அவர் மறுபடி தட்டினார். 'முடிந்துகொண்டிருக்கிறது.' இன்னொரு முறை தட்டுவதற்குள் சடையப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து, நஞ்சன் பெரிய கடை வீதிக் குழியில் இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டான் என்றான்.

அதே குழி. இடுப்புக்குக் கீழே உள்ளே, இடுப்புக்கு மேலே வெளியே. ஒரு கை ரோட்டில் ஊன்றியிருந்தது, இன்னொரு கை விளக்குமாற்றோடு உயர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. எட்டுப் பேர் சேர்ந்து மேலே இழுத்தார்கள், வரவில்லை. சடையப்பன் தோளில் ஏறி நின்று அழுத்தினான், போகவில்லை. பூவாத்தாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். முகம் கல்லைப்போல இருந்தது, அதுவும் ரோட்டோடு பதித்த கல்.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. முதலில் போலீஸ் தடுப்பு வைத்தார்கள், பிறகு தடுப்பு காணாமல் போனது, வண்டிகள் தாமாகவே அவனைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டன. மினி பஸ் கண்டக்டர்கள் "நஞ்சன் ஸ்டாப் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார்கள். உயர்ந்திருந்த கையில் ஒருத்தர் குடையைத் தொங்கவிட்டுவிட்டு நகைக்கடைக்குள் போய்வந்தார்; அடுத்த நாள் ஒரு பிளாஸ்டிக் வியாபாரி அதில் வாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டான். முதுகில் டியூஷன் விளம்பரம் ஒட்டினார்கள். மழை பெய்தபோது அவன் தோளிலிருந்து தண்ணீர் வடிந்து குழிக்குள் இறங்கியது, அந்த வீதியில் தண்ணீர் தேங்கவில்லை என்று வியாபாரிகள் சங்கம் திருப்தி தெரிவித்தது. பூக்காரி ஒருத்தி மட்டும் அவனுக்குப் பக்கத்தில் கடை போட்டு, தன் படுதாவில் பாதியை அவன் தலைக்கு மேலும் இழுத்துக் கட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, "மனுசன்தான" என்றாள். அந்த ஊரில் அந்த வார்த்தையைச் சொன்னது அவள் ஒருத்திதான்.

ஆணையருக்கு இதைவிட நல்ல முடிவு கனவிலும் வந்திருக்காது. தளம் இருக்கிறதா என்று கேட்டால் நீக்கியாயிற்று என்றார். நஞ்சன் செத்தானா என்று கேட்டால், அவர் நிலை முடிந்துகொண்டிருக்கிறது, செயல்முறை நிறைவடையாமல் கருத்துச் சொல்ல இயலாது என்றார். வரிசையைத் தீர்மானித்தது யார் என்று கேட்டால், சங்கத்தின் கையெழுத்தை எடுத்துக் காட்டினார்.

பூவாத்தாள் இந்த முறை சங்க ஆபீசுக்குள்ளேயே வந்தாள்.

"செயிச்சுட்டியாக்கா? பட்டாசு வெடிச்சீங்களாமா. முன்னாடியாச்சும் ராத்திரிக்கு ஊடு வந்து சேருவாரு. இப்ப நடு ரோட்டுல வாளி சுமந்துட்டு நிக்கறாரு. தலைய மொதல்ல எடுன்னு உன்னைய யாரு சொல்லச் சொன்னா? உன்ற வீராப்புக்கு என்ற ஊட்டுக்காரன்தான் கெடச்சானா?"

அங்கிருந்த பெண்கள் அவளை அடக்கப் பார்த்தார்கள். மாரக்காள் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். அவளைத் திட்டிய போலீஸ்காரர்கள் உண்டு, காண்டிராக்டர்கள் உண்டு, பழைய தோழர்களும் உண்டு. எல்லோருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னவள் அவள். இந்த முறை எழுந்து, பெனடிக்ட் தங்கியிருந்த லாட்ஜுக்கு நடந்தாள்.

"தம்பி, எது புடிச்சுட்டு இருக்குது அவன?"

"முடிச்சும்மா. தலைப்பெட்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருக்கும். நான் வந்து பாத்துச் சரின்னு சொல்லுத வரைக்கும் இத விடாதேன்னு. இப்ப சொல்லுததுக்கு அது இல்ல. முடிச்சு மட்டும் நிக்கு."

"திரும்ப அந்தத் தலையக் கொண்டாந்து வெச்சா?"

"வைக்கலாம். வச்சா அவரு மறுபடி வேலைக்குப் போவாரு."

"வேற வழி?"

"கையால அவுக்கலாம். ஆனா எனக்கு அதிகாரம் இல்ல. ஆணையர் கைரேகை வேணும். காரணமும் பதியணும். காரணமில்லாம யாரையும் கணக்குலருந்து எடுக்கக் கூடாதுன்னு அவரேதான் விதி போட்டு வச்சிருக்காரு, காண்டிராக்டர் நெச ஆளத் தூக்கிட்டுப் போலி ஆள் சேக்கக் கூடாதுன்னுட்டு. காரணம் உண்மையா இல்லன்னா முடிச்சு அவுறாது. அப்படித்தான் கட்டிருக்கு."

"உண்மைய ஆணையரு வாயில இருந்து புடுங்கோணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதாம்மா" என்றார் பெனடிக்ட், அவ்வளவு என்பது எவ்வளவு என்று தெரிந்தவராக.

மறுநாள் காலை, ஜவுளிக்கடைகள் கதவு திறக்கும் நேரத்தில், பெரிய கடை வீதியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை இருந்த பாதாளச் சாக்கடை மூடிகள் அத்தனையையும் சங்கத்தார் கடப்பாரையால் நெம்பித் தூக்கினார்கள். வாயு போகட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, ஒவ்வொரு குழியிலும் ஒருத்தி முதல் படியில் இறங்கி நின்றாள், இடுப்புக்குக் கீழே உள்ளே, இடுப்புக்கு மேலே வெளியே. ஒரு கையை ரோட்டில் ஊன்றினாள், இன்னொரு கையில் விளக்குமாற்றை உயர்த்தினாள். யாரும் பேசவில்லை. எல்லோரும் இமைக்காமல் இருக்கப் பார்த்தார்கள். நஞ்சனுக்கு அடுத்த குழியில் மாரக்காள் நின்றாள். ஒரு பக்கம் மினி பஸ்கள் நின்றன, இன்னொரு பக்கம் சரக்கு லாரிகள் நின்றன, ஹாரன் அடித்தவர்கள் அடித்து ஓய்ந்தார்கள். ஒரு நஞ்சனைச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்ட ஊருக்கு இத்தனை நஞ்சன்களைச் சுற்றிப் போக வழி தெரியவில்லை. குழிகளுக்குள்ளிருந்து ஊரின் நாற்றம், இத்தனை காலம் அவர்களே மூடி வைத்திருந்த நாற்றம், ஜவுளிக்கடை ஏறி, நகைக்கடை ஏறி, மாடியில் இருந்த வங்கியின் படியும் ஏறியது.

போலீஸ் வந்தது. குழிக்குள் நிற்பவளைப் பிடித்து இழுக்க வேண்டுமானால் குழியைத் தொட வேண்டும். போலீஸ் தொடவில்லை.

உச்சி வெயிலில் ஆணையர் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. பெனடிக்ட் பூக்காரியின் முக்காலியில் மடிக்கணினியை வைத்துத் திறந்தார்.

"சரி, ரேகையை வைக்கிறேன்" என்றார் தாமோதரன். "காரணத்தை ஆபீஸ்ல போய் அடிச்சுக்கலாம்."

"அடிக்கறத நாங்க நம்ப மாட்டோமுங்க" என்றாள் மாரக்காள், குழியிலிருந்தபடியே. "அடிச்சத அழிப்பீங்க. வாயத் தொறந்து சொல்லுங்க. சத்தமா. கடைக்காரங்க கேக்கோணும், பஸ்ஸுல இருக்கறவங்க கேக்கோணும். இத்தன பேரு காதுல உழுந்தத எந்தப் பொட்டியாலயும் அழிக்க முடியாது."

ஆட்டோக்காரர் ஒருவர் தன் வண்டியின் மைக்கை நீட்டினார். ஆணையர் மடிக்கணினியில் ரேகையை வைத்துவிட்டு, மைக்கைத் தொலைவில் பிடித்துக்கொண்டு, "பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்" என்றார். பெனடிக்ட் அதை அடித்தார். முடிச்சு அவிழவில்லை. நஞ்சன் அசையவில்லை.

"லீவுல போயிருக்கறாரா சார்?" என்று பஸ் ஜன்னலிலிருந்து யாரோ கேட்டார்கள். வீதி சிரித்தது. வேலைநிறுத்தத்தின்போது வாயைத் திறக்காத வீதி.

"காலமானார்" என்றார் ஆணையர். பெனடிக்ட் அடித்தார்.

உயர்ந்திருந்த கை ஒரு சாண் இறங்கி நின்றது. வாளிகள் கடகடவென்று ரோட்டில் உருண்டன. சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க காலமானாருங்க?" என்றாள் மாரக்காள். "கட்டில்லயா? ஆஸ்பத்திரிலயா? யாரு அனுப்பிச்சுக் காலமானாரு?"

"இதெல்லாம் விசாரணையில—"

"அம்மிணி" என்று மாரக்காள் அவரை விட்டுவிட்டுப் பூவாத்தாளைப் பார்த்தாள். "நீ சொல்லு. இது போதுமா? போதும்னா இப்பவே ஏறிக்கறோம். உன்ற ஊட்டுக்காரரு, நீ சொல்றதுதான்."

பூவாத்தாள் நஞ்சனுக்கு அருகில் ரோட்டில் மண்டியிட்டிருந்தாள். அவள் ஆணையரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எறக்குனதச் சொல்லச் சொல்லுங்க்கா."

தாமோதரன் சுற்றிலும் பார்த்தார். குழிகளில் நின்றவர்கள் எல்லோரும் உண்மையாகவே இமைக்காமல் இருந்தார்கள். கடைக்காரர்கள் படிகளில் இறங்கி வந்திருந்தார்கள். பஸ்ஸின் கூரையில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். கைக்குட்டை நழுவியது, அதை எடுக்கக் குனிந்தால் முகம் குழிக்கு நேராக வரும் என்பதால் அவர் குனியவில்லை. மைக்கை வாய்க்குக் கொண்டுவந்தார்.

"இந்த வீதியில், இந்தக் குழியில்" என்று தொடங்கினார், நிறுத்தி மறுபடி தொடங்கினார். "இந்த வீதியில், இந்தக் குழியில், பாதுகாப்பு ஏதும் இல்லாமல், கருமலைப்பட்டி நகராட்சியால் இறக்கப்பட்டு, விஷவாயு தாக்கி இறந்தவர்..."

நஞ்சனின் கண்கள் பாதி மூடின. ஊன்றியிருந்த கையில் விரல்கள் ஒவ்வொன்றாக ரோட்டை விட்டன. பெனடிக்ட் தட்டச்சுப் பலகை மேல் கையை வைத்தபடி நிமிர்ந்தார். "பேரு சார். பேரு வேணும்."

பூவாத்தாள் அழுவதற்கு வாயைத் திறந்து காத்திருந்தாள். திரையில் நின்ற அந்த ஒற்றை வரியை ஆணையர் மைக்கில் படித்தார்:

"கதிரன் மகன் நஞ்சன்."